பிரெஸ்டனின் பிளம்பர் டாம் ஃபின்னி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய இங்கிலாந்துக் கால்பந்து என்றதும் நம்மவர்களுக்கு நினைவுக்கு வரும் பெயர்கள் ஸ்டான்லி மேத்யூஸ், பாபி சார்ல்டன், பாபி மூர். டாம் ஃபின்னி அந்த வரிசையில் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறார். அவர் உலகக் கோப்பையை வென்றதில்லை, அன்று இங்கிலாந்தின் உச்ச லீக்காக இருந்த முதல் டிவிஷனின் பட்டத்தை வென்றதில்லை, லண்டனிலோ மான்செஸ்டரிலோ உள்ள பெரிய கிளப் எதற்கும் ஆடியதுமில்லை. ஆனால் அவரோடும் அவருக்கு எதிராகவும் ஆடியவர்கள் பலர், தாங்கள் பார்த்தவர்களிலேயே அவர்தான் சிறந்தவர் என்று கடைசிவரை சொல்லிவந்தார்கள். அவரைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளும் பதில்களும் இவை.

யார் இந்த டாம் ஃபின்னி?

1922 ஏப்ரல் 5 அன்று வடமேற்கு இங்கிலாந்தில், லங்காஷயர் மாவட்டத்துப் பருத்தி ஆலை நகரமான பிரெஸ்டனில் பிறந்தவர். பிறந்த வீட்டுக்குப் பக்கத்திலேயே பிரெஸ்டன் நார்த் எண்ட் கிளப்பின் டீப்டேல் மைதானம். 1946 முதல் 1960 வரை லீக் கால்பந்தில் அந்த ஒரே கிளப்புக்கு ஆடினார். 433 லீக் ஆட்டங்களில் 187 கோல், இங்கிலாந்தின் நாக்அவுட் போட்டியான எஃப்.ஏ. கோப்பையையும் சேர்த்தால் 473 ஆட்டங்களில் 210. இங்கிலாந்து அணிக்காக 76 ஆட்டங்களில் 30 கோல். இவ்வளவையும் அடித்தவர் அடிப்படையில் ஒரு விங்கர், அதாவது மைதானத்தின் ஓரத்தில் ஓடி மற்றவர்களுக்குக் கோல் வாய்ப்பை உருவாக்கித் தர வேண்டியவர். அதை மனத்தில் வைத்துக்கொண்டு அந்த எண்களை இன்னொரு முறை படிக்கலாம்.

பிளம்பர் என்பது பட்டப்பெயரா, உண்மையான தொழிலா?

உண்மையான தொழில். பதினான்கு வயதில் ஃபின்னியின் உயரம் நாலே முக்கால் அடி. எடை 32 கிலோவைக்கூட எட்டவில்லை. கால்பந்துக்காரனாக வருவான் என்று யாரும் பந்தயம் கட்டமாட்டார்கள். ஆனாலும் பயிற்சியில் பார்த்த பிரெஸ்டன் கிளப், பதினைந்து வயதில் வாரம் இரண்டரை பவுண்டு சம்பளத்துக்கு அழைத்தது. பையன் துள்ளிக் குதித்தான்; அப்பா மறுத்துவிட்டார். முதலில் குழாய் வேலையைக் கற்று முடி, பந்து எங்கும் ஓடிவிடாது என்பது அவருடைய முடிவு. தாயில்லாப் பிள்ளைகளை வளர்த்த மனிதர். கால் முறிந்தால் மறுநாள் சோற்றுக்கு வழி என்ன என்று யோசித்திருக்கிறார். 1940 ஜனவரியில்தான் மகன் கிளப்பில் பகுதிநேர ஆட்டக்காரராகக் கையெழுத்திட்டார்.

அப்பாவின் கணக்கு சரியாகத்தான் போனது. ஃபின்னி இங்கிலாந்தின் முதன்மை ஆட்டக்காரராக இருந்த காலத்திலும் தம்முடைய சகோதரரோடு சேர்ந்து பிளம்பிங் தொழிலை நடத்தினார். காலையில் பயிற்சி, பிற்பகலில் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு யார் வீட்டிலாவது கசியும் குழாயைச் சரிசெய்யும் வேலை. சனிக்கிழமை கைதட்டிய ரசிகரின் வீட்டுக் கதவையே திங்கட்கிழமை தட்டியிருப்பார். இதை எளிமை என்று மெச்சுகிறவர்கள் உண்டு. எளிமை இருந்தது உண்மைதான். சம்பளம் போதவில்லை என்பதும் உண்மை. அதற்கு அடுத்தடுத்த கேள்விகளில் வருகிறேன்.

24 வயதில்தான் முதல் லீக் ஆட்டம் என்கிறார்களே, ஏன் அவ்வளவு தாமதம்?

போர். 1939 செப்டம்பரில் லீக் நிறுத்தப்பட்டது. அதற்குப் பதிலாக நடந்த போர்க்காலப் போட்டிகளில் ஃபின்னி ஆடினார். 1941 மே மாதம் வெம்பிளியில் நடந்த போர்க்காலக் கோப்பை இறுதியாட்டத்தில் பிரெஸ்டனும் ஆர்சனலும் 1–1 எனச் சமன் செய்தன. பிளாக்பர்னில் நடந்த மறு ஆட்டத்தில் பிரெஸ்டன் 2–1 என வென்றது. அப்போது ஃபின்னிக்கு வயது 19. ஆனால் போர்க்கால ஆட்டங்கள் எதுவும் லீக் கணக்கில் சேராது.

1942இல் படையில் சேர்க்கப்பட்டார். பிரிட்டிஷ் தளபதி மாண்ட்கோமரியின் எட்டாவது படையோடு எகிப்து, பிறகு இத்தாலி. ஸ்டூவர்ட் வகை டாங்கியின் ஓட்டுநர். 1945 ஏப்ரலில் இத்தாலியின் அர்ஜென்டாவில் நடந்த இறுதித் தாக்குதலிலும் பங்கெடுத்தார். திரும்பி வந்து, 1946 ஆகஸ்ட் 31 அன்று லீட்ஸ் யுனைடெட்டுக்கு எதிராக முதல் லீக் ஆட்டம் ஆடினார். பிரெஸ்டன் 3–2 என வென்றது. நான்கே வாரத்தில், செப்டம்பர் 28 அன்று பெல்ஃபாஸ்டில் வட அயர்லாந்துக்கு எதிராக இங்கிலாந்து அணியில் இடம். அந்த ஆட்டத்தை இங்கிலாந்து 7–2 என வென்றது. ஃபின்னியும் ஒரு கோல் போட்டார். 17 வயது முதல் 24 வயது வரையான காலம் கணக்கில் இல்லாமலே 210 கோல் என்றால், அந்த ஏழாண்டும் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்கத் தோன்றும். அந்தத் தலைமுறையில் எல்லோருக்கும் இந்தக் கேள்வி உண்டு. திரும்பி வராதவர்களும் இருக்கிறார்கள்.

மேத்யூஸா, ஃபின்னியா? யார் பெரியவர்?

1940களின் இறுதியில் இங்கிலாந்துப் பத்திரிகைகளை வாழவைத்த சண்டை இது. இருவருமே வலது விங். மேத்யூஸ் ஃபின்னியைவிட ஏழு வயது மூத்தவர். போருக்கு முன்பே புகழ்பெற்றவர். பிளாக்பூல் அணிக்காரர், பிளாக்பூலுக்கும் பிரெஸ்டனுக்கும் ஒரு சின்ன ரயில் பயணம்தான் தூரம் என்பதால் சண்டை இன்னும் சூடு பிடித்தது. அன்று இங்கிலாந்து அணியை மேலாளர் வால்டர் விண்டர்பாட்டம் தனியாகத் தேர்ந்தெடுக்க முடியாது. ஒரு தேர்வுக் குழு உட்கார்ந்து வாக்களிக்கும். அதனால் ஒரு மாதம் இவர், மறு மாதம் அவர்.

1947 மே 25 அன்று லிஸ்பனில் போர்ச்சுகலுக்கு எதிரான ஆட்டத்தில் இருவரையும் இறக்கினார்கள்: மேத்யூஸ் வலப்பக்கம், ஃபின்னி இடப்பக்கம். இங்கிலாந்து 10–0. முன்னணி ஆட்டக்காரர்கள் மார்டென்சனும் லாட்டனும் ஆளுக்கு நான்கு கோல், விங்கர்கள் ஆளுக்கு ஒன்று. இவ்வளவு எளிதாகத் தீரக்கூடிய சண்டையை வைத்துக்கொண்டுதான் தேர்வுக் குழு பல ஆண்டுகள் தலையைப் பிய்த்துக்கொண்டது.

என் கருத்தைக் கேட்டால் ஃபின்னி. மேத்யூஸின் வித்தை ஒன்றுதான். அது வருகிறது என்று தெரிந்தும் தடுக்க முடியாத அளவுக்கு அதில் தேர்ந்தவர் அவர். உள்ளே வருவதுபோல் உடலைச் சாய்த்துவிட்டு வெளிப்பக்கமாகப் பறந்துவிடுவார். ஃபின்னிக்கு இரண்டு காலும் ஒன்றுபோல. வெளியேயும் போவார், உள்ளேயும் வெட்டி வருவார். தடுப்பவர் எந்தக் காலை முன்வைத்து நிற்பது என்றே முடிவு செய்ய முடியாது. 1948 மே மாதம் டூரினில் இத்தாலியை அதன் சொந்த மண்ணில் இங்கிலாந்து 4–0 என வீழ்த்தியபோது இரண்டு கோல் அவருடையவை. மேத்யூஸ் 54 சர்வதேச ஆட்டங்களில் 11 கோல் அடித்தார். ஃபின்னி 76இல் 30. வலது விங், இடது விங், பிற்காலத்தில் நடுமுன்னணி என்று எங்கே நிறுத்தினாலும் ஆடினார். ஆனால் ஐம்பது வயது வரை லீக்கில் ஆடிய அதிசயம் மேத்யூஸுக்கு மட்டுமே உரியது. அதில் போட்டிக்கே இடமில்லை.

இத்தாலியக் கிளப் ஒன்று அவரை அழைத்தது உண்மையா?

உண்மை. 1952 மே மாதம் இங்கிலாந்து அணி இத்தாலியில் சுற்றுப்பயணத்தில் இருந்தபோது, சிசிலியின் பலேர்மோ கிளப்பின் தலைவர் ஃபின்னியை அணுகினார். அவர் ஒரு பிரபு, பெயர் ரைமோண்டோ லான்ஸா டி ட்ராபியா. அவர் முன்வைத்தது: கையெழுத்திட்டால் 10,000 பவுண்டு, மாதம் 130 பவுண்டு சம்பளம், ஆட்டத்துக்கு 100 பவுண்டு வரை போனஸ், கடலோரத்தில் ஒரு வில்லா, ஒரு கார், குடும்பத்தினர் வந்துபோகப் பயணச் செலவு.

இது எவ்வளவு பெரிய தொகை என்பது இங்கிலாந்தின் சம்பளத்தோடு வைத்துப் பார்த்தால்தான் உறைக்கும். அன்று இங்கிலாந்தில் ஆட்டக்காரர்களுக்கு உச்சவரம்பு உண்டு. மேத்யூஸானாலும் சரி, மூன்றாவது டிவிஷனின் முன்னணி ஆட்டக்காரரானாலும் சரி, ஆட்டப் பருவத்தில் வாரம் 14 பவுண்டுக்கு மேல் தரக்கூடாது. கோடை விடுமுறையில் 10 பவுண்டு. வென்றால் இரண்டு பவுண்டு, சமன் செய்தால் ஒரு பவுண்டு போனஸ். போனஸை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் ஆண்டுக்குச் சுமார் 680 பவுண்டு. பலேர்மோ நீட்டிய முன்பணம் மட்டுமே பதினான்கு ஆண்டுச் சம்பளத்துக்கு மேல். ஃபின்னிக்கு அப்போது வயது 30.

ஊர் திரும்பி பிரெஸ்டன் கிளப்பின் தலைவர் நாட் பக்கிடம் பேசினார். இரண்டு ஆண்டுகள் போய்வரட்டுமா என்பதுதான் கேள்வி. தலைவருக்கு யோசிக்க நேரம் தேவைப்படவில்லை. நீ எங்களுக்கு ஆடவில்லை என்றால் வேறு யாருக்கும் ஆடப்போவதில்லை என்ற பொருளில், லங்காஷயர் வட்டார வழக்கிலேயே முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். பேச்சு அதோடு முடிந்தது.

பிரெஸ்டனுடனான ஒப்பந்தக் காலம் முடிந்ததும் பலேர்மோவுக்குப் போயிருக்கலாமே? எப்படித் தடுக்க முடியும்?

முடிந்தது. இங்கிலாந்து லீக்கில் அன்று இருந்த விதியின்படி, ஒப்பந்தம் ஓராண்டுக்குத்தான். ஆனால் ஆண்டு முடிந்தாலும் ஆட்டக்காரரின் பதிவு கிளப்பின் கையிலேயே இருக்கும். கிளப் விடுவிக்காமல் வேறெங்கும் பதிவு செய்ய முடியாது. புது ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுத்தால் சம்பளமும் கிடையாது. கொத்தடிமை ஒப்பந்தம் என்று சொன்னால் மிகையாகத் தோன்றலாம். பிற்காலத்தில் நீதிமன்றம் சொன்னதும் ஏறக்குறைய அந்தத் திசையில்தான்.

முரண்டு பிடித்தவர்களுக்கு என்ன ஆனது என்பதைக் காட்ட, லிஸ்பனில் 10–0 என வென்ற அந்தப் பதினொரு பேரே போதும். நடுத்தடுப்பாளர் நீல் ஃபிராங்க்ளின் 1950இல், உலகக் கோப்பைக்குச் சற்று முன்பு, இங்கிலாந்தின் பிடி எட்டாத கொலம்பியாவுக்கு விமானம் ஏறினார். அப்போது அந்நாட்டு லீக் உலகக் கால்பந்துச் சங்கத்தின் கட்டுப்பாட்டுக்கு வெளியே இருந்தது. அங்கே காலூன்ற முடியாமல் சில வாரங்களில் திரும்பியவரைத் தடை செய்தார்கள். இங்கிலாந்துக்கு மறுபடி ஆடவே இல்லை. நாட்டின் மிகச் சிறந்த நடுத்தடுப்பாளர் அவர்! உள்முன்னணி ஆட்டக்காரர் வில்ஃப் மானியன் 1948இல் மிடில்ஸ்பரோவிடம் கையெழுத்திட மறுத்து வீட்டில் உட்கார்ந்தார். சில மாதங்களில் கையில் காசு தீர்ந்து அதே கிளப்புக்குத் திரும்பினார். நடுமுன்னணி டாமி லாட்டன் 1947இல் செல்சியை விட்டு மூன்றாவது டிவிஷன் கிளப்பான நாட்ஸ் கவுண்டிக்குப் போனது நடந்தது, கிளப் விற்கச் சம்மதித்ததால்.

அந்தச் சம்மதம்தான் எல்லாமே. 1957இல் வேல்ஸ் நாட்டுக்காரர் ஜான் சார்ல்ஸை லீட்ஸ் 65,000 பவுண்டுக்கு யுவெண்டஸிடம் விற்றது. அவர் டூரினில் அரசர்போல வாழ்ந்தார். ஐந்தாண்டுக்கு முன்பு அதே கதவு ஃபின்னிக்குச் சாத்தப்பட்டிருந்தது.

அப்படியானால் ஒரே கிளப்பில் இருந்த விசுவாசம் என்று புகழ்வதெல்லாம் பொய்யா?

பாதிப் பொய். ஃபின்னிக்குப் பிரெஸ்டனைப் பிடிக்கும். மனைவி, பிள்ளைகள், தொழில் எல்லாம் அங்கேதான். ஓய்வுக்குப் பிறகும் அந்த ஊரை விட்டு நகரவில்லை. பலேர்மோவுக்குப் போகாததற்காக வாழ்நாள் முழுக்கப் புலம்பியவரும் அல்லர். ஆனால் வாசலைப் பூட்டிவிட்டு, உள்ளே இருப்பவரைப் பார்த்து ‘எவ்வளவு பற்று பாருங்கள்’ என்று மெச்சுவதில் ஒரு நியாயமும் இல்லை. இன்றைய ஆட்டக்காரர்களைப் பணத்தாசை பிடித்தவர்கள் என்று திட்டுவதற்காக ஃபின்னியின் பெயரை இழுக்கும் பழக்கம் இங்கிலாந்தில் நெடுநாளாக உண்டு. நம் ஊர் விளையாட்டுப் பக்கங்களிலும் பார்க்கிறேன். அவர் மறுத்துவிட்டு நின்றவர் அல்லர், மறுக்கப்பட்டவர். ஊர்மீது அவருக்கிருந்த பற்றைப் பாராட்ட இந்தக் கதை தேவையே இல்லை.

ஒரு கோப்பைகூட வெல்லவில்லையா?

1941இன் போர்க்காலக் கோப்பையும், 1950–51இல் இரண்டாவது டிவிஷன் பட்டமும் உண்டு. அந்தப் பருவத்தில் பிரெஸ்டன் தொடர்ந்து 14 லீக் ஆட்டங்களை வென்று மேலே ஏறியது. பெரிய பட்டம் எதுவும் இல்லை. ஆனால் எவ்வளவு நெருங்கிப் போனார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

1952–53 பருவத்தின் கடைசி வாரம். ஏப்ரல் 25 அன்று முன்னணியில் இருந்த ஆர்சனலை டீப்டேலில் பிரெஸ்டன் 2–0 என வீழ்த்துகிறது. அடுத்த புதன்கிழமை டெர்பி நகரில் ஃபின்னியின் பெனால்டியால் 1–0 வெற்றி. பிரெஸ்டனின் ஆட்டங்கள் முடிந்துவிட்டன; 54 புள்ளிகள். ஆர்சனலுக்கு இன்னும் ஒரே ஆட்டம், வெள்ளிக்கிழமை, பர்ன்லிக்கு எதிராக. பர்ன்லியும் லங்காஷயர் ஊர்தான். முதல் கோலைப் பர்ன்லி போட்டது. ஆர்சனல் திரும்பி எழுந்து 3–2 என வென்றுவிட்டது. அதற்கும் 54 புள்ளிகள். புள்ளிகள் சமமானால், அன்றைய விதிப்படி, போட்ட கோலை வாங்கிய கோலால் வகுக்க வேண்டும். ஆர்சனல் 97க்கு 64, அதாவது 1.516. பிரெஸ்டன் 85க்கு 60, அதாவது 1.417. பட்டம் போனது.

மறு ஆண்டு எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டம். ஃபின்னிக்கு அந்த ஆண்டின் சிறந்த கால்பந்து ஆட்டக்காரர் விருது கிடைத்திருந்தது; முந்தைய ஆண்டு இதே வெம்பிளியில் மேத்யூஸ் கோப்பையை வென்றதுபோல இப்போது இவர் முறை என்று நாடே எழுதி வைத்திருந்தது. வெஸ்ட் புரோம்விச் ஆல்பியன் 3–2 என வென்றது. ஃபின்னி அன்று சோபிக்கவே இல்லை.

1956இல் மேலாளர் கிளிஃப் பிரிட்டன் அவரை நடுமுன்னணிக்கு மாற்றினார். 34 வயதில் புது இடம்! அந்தப் பருவத்தில் 23 லீக் கோல், அணிக்கு மூன்றாம் இடம். 1957இல் மீண்டும் சிறந்த ஆட்டக்காரர் விருது. அதை இரண்டு முறை பெற்ற முதல் ஆள் அவர்தான். அடுத்த பருவத்தில் பிரெஸ்டன் 100 லீக் கோல் போட்டது, ஃபின்னி 26. அப்போதும் உல்வர்ஹாம்ப்டனுக்குப் பின்னால் இரண்டாம் இடம்தான்.

உலகக் கோப்பைகளில் எப்படி ஆடினார்?

மூன்றில் ஆடினார்: 1950, 1954, 1958. முதலாவதை மறந்துவிடத்தான் நினைத்திருப்பார். பிரேசிலின் பெலோ ஹொரிசான்டே நகரில் ஜூன் 29 அன்று அமெரிக்காவிடம் 0–1 எனத் தோற்ற இங்கிலாந்து அணியின் வலது விங்கர் அவர். மேத்யூஸுக்கு அன்று ஓய்வு. 1954இல், போட்டிக்குச் சில வாரங்கள் முன்பு, புடாபெஸ்டில் ஹங்கேரியிடம் 1–7 என வாங்கிக் கட்டிக்கொண்ட அணியிலும் இருந்தார். உலகக் கோப்பையில் உருகுவேயிடம் காலிறுதியில் வெளியேறினார்கள்.

1958 ஸ்வீடன். நான்கு மாதங்களுக்கு முன் மியூனிக் விமான விபத்தில் டங்கன் எட்வர்ட்ஸ் உள்ளிட்ட மூன்று முக்கிய ஆட்டக்காரர்களை இங்கிலாந்து இழந்திருந்தது. முதல் ஆட்டம் சோவியத் அணியுடன், கோத்தன்பர்க்கில். 1–2 எனப் பின்தங்கியிருந்தபோது, கடைசி நிமிடங்களில் கிடைத்த பெனால்டியை 36 வயது ஃபின்னி எடுத்தார். எதிரே கோல்காப்பாளர் லெவ் யாஷின். பந்து உள்ளே, 2–2. ஆனால் அதே ஆட்டத்தில் முட்டியில் அடிபட்டு, அந்தப் போட்டியில் மறுபடி களமிறங்கவில்லை. அந்த அக்டோபரில் சர்வதேச ஆட்டங்களிலிருந்து விலகியபோது, 30 கோல் என்ற இங்கிலாந்துச் சாதனையை நாட் லாஃப்ட்ஹவுஸோடு பகிர்ந்துகொண்டிருந்தார்.

தண்ணீர் தெறிக்கும் அந்தப் புகைப்படத்தில் இருப்பவர் இவரா?

ஆம். 1956 ஆகஸ்ட் 25, லண்டனில் செல்சியின் ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜ் மைதானம். கொட்டித் தீர்த்த மழையில் ஓரங்கள் குளமாகியிருந்தன. இன்றாக இருந்தால் ஆட்டத்தையே தள்ளிவைத்திருப்பார்கள். படத்தில் ஃபின்னி சறுக்கியபடி, ஒரு காலை மடித்து, உடலைச் சாய்த்திருக்கிறார். அவருக்கும் அருகிலுள்ள தடுப்பாளருக்கும் நடுவே தண்ணீர் விசிறிபோல் எழும்பி நிற்கிறது. கண் மட்டும் பந்தை விட்டு விலகவில்லை. அந்த ஆண்டின் சிறந்த விளையாட்டுப் புகைப்படமாகத் தேர்வானது. 2004இல் டீப்டேல் மைதானத்துக்கு வெளியே பீட்டர் ஹாட்ஜ்கின்சன் வடித்த சிலையும் இதே காட்சிதான். அடியில் நிஜமாகவே நீரூற்று பீய்ச்சும்.

ஓவர்கோட்டு பற்றி யாரோ சொன்னார்களே, அது என்ன?

பில் ஷாங்க்லி சொன்னது. பின்னாளில் லிவர்பூல் கிளப்பை உருவாக்கிய அதே ஷாங்க்லி, அதற்கு முன் பிரெஸ்டனில் ஃபின்னிக்குப் பின்னால் நின்று ஆடிய ஸ்காட்லாந்துக்காரர். எந்தக் காலத்திலும், எந்த அணியிலும், ஓவர்கோட்டு போட்டுக்கொண்டு ஆடினாலும் ஃபின்னி சிறந்தவராகத்தான் இருந்திருப்பார் என்றார். ஷாங்க்லி எதையும் பெரிதாக்கிப் பேசுகிறவர்தான். ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் அவர் கருத்தைக் கடைசிவரை மாற்றிக்கொள்ளவில்லை.

ஓய்வுக்குப் பிறகு என்ன செய்தார்?

தொடை இடுக்குக் காயம் விடாமல் துரத்தியதால், 1960 ஏப்ரல் 30 அன்று லூட்டன் டவுனுக்கு எதிராக டீப்டேலில் கடைசி ஆட்டம். அவர் இல்லாத முதல் பருவத்திலேயே பிரெஸ்டன் முதல் டிவிஷனிலிருந்து இறங்கியது. உச்ச லீக்குக்கு இதுவரை திரும்பவில்லை.

வேடிக்கை என்னவென்றால், அவர் ஓய்வுபெற்ற ஒன்பதாவது மாதமே, 1961 ஜனவரியில், ஜிம்மி ஹில் தலைமையிலான ஆட்டக்காரர் சங்கத்தின் வேலைநிறுத்த மிரட்டலுக்குப் பணிந்து சம்பள உச்சவரம்பு நீக்கப்பட்டது. ஃபுல்ஹாமின் ஜானி ஹெய்ன்ஸுக்கு வாரம் 100 பவுண்டு. ஃபின்னியின் கடைசிச் சம்பளம் வாரம் 20 பவுண்டு. 1963இல் ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் நியூகாசில் கிளப்புக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், ஆட்டக்காரரை ஒப்பந்தம் முடிந்த பிறகும் பிடித்துவைக்கும் முறை நியாயமற்ற தொழில் தடை என்று நீதிபதி வில்பர்ஃபோர்ஸ் தீர்ப்பளித்தார்.

அதே 1963இல் ஃபின்னி மறுபடி ஒருமுறை காலணியை மாட்டினார். பெல்ஃபாஸ்டின் டிஸ்டிலரி கிளப், ஐரோப்பியக் கோப்பையில் யூசேபியோவின் பென்ஃபிகாவைச் சந்திக்க வேண்டியிருந்தது. டிஸ்டிலரியின் மேலாளர் ஈஸ்ட்ஹாமின் தந்தை. அவர் கேட்டதால் 41 வயது ஃபின்னி வந்து ஆடினார். ஆட்டம் 3–3. ஐரோப்பியக் கோப்பையில் அவர் ஆடியது அது ஒன்றுதான்.

பிறகு பிளம்பிங் தொழில், உள்ளூர் நீதிமன்றத்தில் கௌரவ மாஜிஸ்திரேட் பணி, கிளப்பின் கௌரவத் தலைவர் பொறுப்பு. சர் பட்டம் 1998இல்தான் வந்தது. மேத்யூஸுக்கு 1965லேயே கொடுத்துவிட்டார்கள். 2014 பிப்ரவரி 14 அன்று 91 வயதில் காலமானார். மறுநாள் லேட்டன் ஓரியண்டுக்கு எதிராக இறங்கிய பிரெஸ்டன் ஆட்டக்காரர்கள் அத்தனை பேரின் முதுகிலும் ஃபின்னி என்ற பெயரே இருந்தது.

ஒருமுறைகூட மஞ்சள் அட்டை வாங்கியதில்லையாமே?

மஞ்சள் அட்டையும் சிவப்பு அட்டையும் 1970 உலகக் கோப்பையில்தான் வந்தன. எனவே அவர் வாங்கியிருக்கவே முடியாது. அவர் காலத்தில் நடுவர் சட்டைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்துப் பெயரை எழுதுவார். அந்தக் குறிப்பேட்டிலும் அவர் பெயர் ஏறியதில்லை. களத்திலிருந்து வெளியேற்றப்பட்டதும் இல்லை.